மாத்திரையைக் கேட்டுவிட்டுப் பழம் கொடு

கப்பல் குசினிக்குப் புதிதாகப் போகிற தம்பிகளே, வெங்காயம் அரியவும் சோறு வடிக்கவும் சொல்லிக்கொடுக்க நான் உட்காரவில்லை. அதையெல்லாம் பயிற்சிப் பள்ளியில் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களில் சமைத்தவன் நான். சமையற்காரனுக்குக் கப்பலில் ‘பண்டாரி’ என்று பெயர். கேப்டனிலிருந்து தளம் கழுவுகிறவன் வரைக்கும் எல்லாருக்கும் நான் பண்டாரிதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. இப்போது தூத்துக்குடியில் சொந்த வீட்டில் இருக்கிறேன். என் சமையலில் குறை கண்டுபிடிக்க என் மனைவி ஒருத்தி போதும்.

புயலில் அடுப்பு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் சாய்ந்துகொண்டு பிரியாணி தம் போட்டிருக்கிறேன். வெளிநாட்டு அதிகாரிகளை ரசத்துக்கு அடிமையாக்கியிருக்கிறேன். அதையெல்லாம் சொல்லிப் பெருமையடிக்க எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் என் வேலையில் நான் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்கிற காரியம் அடுப்பே பற்றவைக்காமல் செய்தது. ஒரு பழத்தைப் பற்றியது.

அதன் பெயர் கிரேப் ஃப்ரூட். திராட்சைக்கும் அதற்கும் ஒரு உறவும் இல்லை, எலுமிச்சை வம்சம். சாத்துக்குடியைவிடப் பெரியது, பம்பளிமாஸைவிடச் சிறியது. தோல் மஞ்சள், உள்ளே வெளுப்பாகவும் இருக்கும், நல்ல சிவப்பாகவும் இருக்கும். முதலில் புளிக்கும், பிறகு லேசாக இனிக்கும், கடைசியில் ஒரு கசப்பு நாக்கிலேயே தங்கிவிடும். நம் ஊர் மார்க்கெட்டில் நான் அதைப் பார்த்ததில்லை. கப்பலில் ஏறினால் கட்டாயம் பார்ப்பீர்கள், ஏனென்றால் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் பெட்டி பெட்டியாக ஏற்றுவார்கள்.

அந்தப் பழத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கரையை விட்டுக் கிளம்பினால் முதலில் கீரை போகும், அப்புறம் தக்காளி போகும், வாழைப்பழம் ஒரே நாளில் கறுத்துப்போகும். கடைசி வரைக்கும் குளிர் அறையில் அசையாமல் உட்கார்ந்திருப்பது முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் இந்தப் பழமும்தான். பச்சைக் காய்கறி தீர்ந்துபோன கப்பலில் வைட்டமின் சி-க்கு எங்கே போவீர்கள்? ஒரு பழம் தின்றால் அன்றைக்கு வேண்டியது ஏறக்குறைய வந்துவிடும். சிவப்பு வகையில் கண்ணுக்கு நல்லதும் இருக்கிறது. நார்ச்சத்து உண்டு, தண்ணீர் நிறைய உண்டு, இனிப்புக் குறைவு. சாறாகப் பிழிந்தால் நார் போய்விடும். கசக்கிறதென்று சர்க்கரையை அள்ளிப் போட்டால் வந்த நன்மையும் போய்விடும். சுளையாகத் தின்னச் சொல்லுங்கள். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு அளவாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தின்ன வேண்டும்.

இதுவரை சொன்னது எந்தச் சமையல் புத்தகத்திலும் இருக்கும். இனிமேல் சொல்வதை எனக்குச் சொன்னவர் ஒரு கேப்டனின் மனைவி.

அந்த அம்மா மருந்தாளுநர் வேலை பார்த்தவர். விடுப்பில் கணவரோடு ஒரு பயணம் வந்திருந்தார். முதல் நாள் காலை மேசையில் நான் பழத்தைப் பாதியாக வெட்டி, சுளைகளைக் கத்தியால் கிளறிவிட்டு, நடுவில் ஒரு செர்ரி வைத்து அழகாகக் கொடுத்தேன். அந்த அம்மா தன் கணவரின் தட்டிலிருந்த பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நேராகக் குசினிக்கு வந்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் தட்டு திரும்பி வந்தால் எனக்குக் கோபம் வரும். அவரோ திட்டவில்லை, அடுப்புப் பக்கத்தில் நின்று நிதானமாக விளக்கினார்.

நாம் விழுங்குகிற மாத்திரையில் சிலவற்றைக் குடல் அப்படியே ரத்தத்துக்குள் விடுவதில்லை, ஒரு பங்கைச் சிதைத்துவிட்டு மீதியைத்தான் விடும் என்றார். டாக்டர்கள் அதையும் கணக்கில் வைத்துத்தான் அளவு எழுதுகிறார்கள். இந்தப் பழம் குடலின் அந்த வேலையைத் தடுத்துவிடும். அப்போது அதே ஒரு மாத்திரை கூடுதல் மாத்திரை போட்ட மாதிரி உடம்பில் ஏறும். எல்லா மாத்திரைக்கும் அப்படி இல்லை. பிரஷர் மாத்திரையில் சில, கொழுப்பு மாத்திரையில் சில, சிறுநீரகம் மாற்றி வைத்தவர்கள் போடுவதில் சில, இன்னும் வேறு சில. எது எது என்று சொல்வது டாக்டர் வேலை, கேட்கச் சொல்வது உன் வேலை என்றார். போகும்போது திரும்பி, காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று இடைவெளி விட்டாலும் பிரயோஜனமில்லை, பழத்தின் வேலை மறுநாள்கூட அடங்காது என்று ஒரு வார்த்தை சொன்னார். பம்பளிமாஸும் அதே சாதிதான், அதையும் கேட்காமல் கொடுக்காதே என்றார். அந்த அம்மாவை அப்புறம் நான் பார்க்கவேயில்லை. பெயர்கூட மறந்துபோயிற்று, ‘மேடம்’ என்றுதான் ஞாபகம்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கப்பலில் யார் புதிதாக ஏறினாலும், மாடு தின்பாயா, பன்றி தின்பாயா, வெள்ளிக்கிழமை கறி உண்டா என்று பண்டாரி கேட்பது வழக்கம். அதோடு, “மாத்திரை ஏதும் போடுதீங்களா?” என்பதையும் சேர்த்துவிட்டேன். அதைச் சாப்பாட்டு அறையில் எல்லார் முன்னாலும் கேட்க மாட்டேன். தனியாகக் குசினி வாசலில் வைத்துக் கேட்பேன். சிலர் சொன்னார்கள். நிறையப் பேர் சொல்லவில்லை.

ஏன் சொல்ல மாட்டார்கள் என்று கரையில் இருப்பவர்களுக்குப் புரியாது. கப்பல்காரனுக்கு மெடிக்கல் என்று ஒரு கண்டம் உண்டு. உடம்பு தகுதி என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கப்பல். கையெழுத்து விழாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் ஊருக்குத் திரும்புகிற கப்பலில் ஒரு கூத்து நடக்கும். இத்தனை மாதம் கோழியையும் முட்டையையும் ஒரு கை பார்த்தவர்கள் எல்லாரும் திடீரென்று விரதத்தில் இறங்குவார்கள். ஒருவன் பச்சைப் பூண்டு கடிப்பான். ஒருவன் உப்பே இல்லாமல் சோறு கேட்பான். எஞ்சின் அறைக்காரன் தளத்தைச் சுற்றி ஓடுவான். என் குழம்புச் சட்டி அப்படியே நிற்கும். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இருக்காது. நாள் முழுக்கத் தின்றுவிட்டு டாக்டருக்கு முன்னால் மட்டும் இளைத்துக் காட்டுகிறவர்களை வேறு என்ன சொல்வது?

கப்பலில் வைஃபை வந்த பிறகு இந்தக் கூத்துக்குப் புதுச் சட்டதிட்டங்களும் வந்தன. அந்தத் தடவை தென்னாப்பிரிக்காவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்தோம். யாரோ ஒருவன் போனில் ஒரு செய்தி வந்தது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும் கிரேப் ஃப்ரூட் தின்றால் கொழுப்பு கரையும், பிரஷர் இறங்கும், மெடிக்கலில் ஜம்மென்று தேறலாம் என்று போட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அது கப்பல் முழுக்கப் பரவிவிட்டது. பழம் கொழுப்பைக் கரைக்காது, அதைத் தின்று வயிறு நிறைந்து சோற்றைக் குறைத்தால் கொஞ்சம் இளைக்கலாம், அவ்வளவுதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மாத்திரை போடுகிறவர்கள் தொடவே கூடாது, முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று சாப்பாட்டு அறையில் சத்தமாகவே சொன்னேன். மாத்திரை போடுவதாக முன்பே என்னிடம் சொன்னவர்களைத் தனியாகக் கூப்பிட்டும் எச்சரித்தேன். சீஃப் எஞ்சினியர் உடனே ஆப்பிளுக்கு மாறிவிட்டார்.

மாறாதவர் மிக்கேல் சரங்கு. சரங்கு என்றால் தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். நங்கூரம், கயிறு, ஏணி எல்லாம் அவர் பொறுப்பு. தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஒரே ஊர்க்காரன் என்பதால் என்னிடம் உரிமை அதிகம். குசினிக்குள் வந்து மூடியைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். மீன் குழம்பில் புளி கூடிப்போனால் முகத்துக்கு நேரே சொல்லுவார். கப்பலில் ஏறின அன்றைக்கு மாத்திரை உண்டா என்று கேட்டதற்கு, “மாத்திரையா? எங்க ஊரு மீன் தின்னு வளந்த ஒடம்புலே இது” என்று சிரித்துவிட்டுப் போனவர். காலையில் ஒரு பழம், ராத்திரி ஒரு பழம் என்று அவர் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாத்திரை இல்லாத மனிதர், தின்னட்டும் என்று விட்டிருந்தேன்.

தூத்துக்குடிக்கு வெளியே வந்து சேர்ந்த காலை. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்துவிட்டன. போனில் சிக்னல் வந்து, எல்லாரும் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுபோகிற பைலட் படகில் வருவார்; அவர் ஏறி வருவதற்குக் கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணி தொங்கவிட வேண்டும். சரங்கு கம்பியைத் தாண்டிக் குனிந்து செய்கிற வேலை அது. கீழே கடல், நடுவில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

அதற்கு முன்னால் சாப்பாட்டு அறைக்கு வந்தார். அவரையும் என்னையும் தவிர யாரும் இல்லை. இட்லியைத் தள்ளிவிட்டுப் பழத்தை மட்டும் எடுத்தார். எழுந்தவர் சட்டென்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். முகம் சிவந்திருந்தது. கீழே பார்த்தேன். ஷூ நாடா கட்டப்படாமல் கிடந்தது. கணுக்கால் இரண்டும் உப்பிப்போய் நாடா எட்டவில்லை.

“அண்ணே, உக்காருங்க.”

“உக்கார நேரமில்லலே. பைலட் வாராரு. ஏணி போடணும்.”

“கால் என்ன இப்படி வீங்கியிருக்கு?”

“நாள் முச்சூடும் நின்னுகிட்டே இருந்தா வீங்கத்தான் செய்யும்.”

“என்ன மாத்திரை போடுதீங்க?”

“வைட்டமின் போடுதேன். அதுக்கென்ன இப்போ?”

“வைட்டமினுக்குக் கால் வீங்காதுண்ணே. என் வீட்டுக்காரிக்குப் பிரஷர் மாத்திரை தொடங்குன புதுசுல இப்படித்தான் வீங்குச்சு. டாக்டர்ட்ட போயி மாத்துனோம்.”

அவர் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வெளிய சொல்லிராதல. வைட்டமின் டப்பாவுலதான் அத போட்டு வச்சிருக்கேன். கரை ஏறுனதும் மெடிக்கலு. பிரஷர்னு எழுதிட்டாம்னா என் கடல் முடிஞ்சுது. கரையில எனக்கு என்ன தெரியும்? வலை இழுக்கக்கூட மறந்துபோச்சு.”

“மாத்திரை போடுதவங்க பழத்தத் தொடக்கூடாதுன்னு கத்துனேனே.”

“கேட்டேன்லா. அதான் ரெண்டையும் ஒண்ணாச் சேக்கல. மாத்திரைய மத்தியானம் போடுதேன், பழத்தக் காலையிலயும் ராத்திரியிலயும் தின்னுதேன். எனக்குத் தெரியாதா?”

அந்த மேடம் போகும்போது சொன்ன வார்த்தை அப்போதுதான் எனக்குச் சுளீரென்று ஞாபகம் வந்தது. இவர் இத்தனை நாளும் மாத்திரையை விட்டுப் பழத்தைத் தள்ளி வைத்ததாக நினைத்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். போதாததற்குச் சாப்பாட்டையும் குறைத்திருக்கிறார்.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு முன்னால் அன்றைக்கு இரண்டு வழி இருந்தது, இரண்டும் தப்பு. நான் வாயை மூடிக்கொண்டால் அவர் கம்பியைத் தாண்டிக் குனிவார். குனிந்த இடத்தில் தலை சுற்றினால் கப்பலுக்கும் பைலட் படகுக்கும் நடுவில் விழுவார், அவர் மனைவி பிலோமி அக்காவுக்குப் புருஷன் இல்லை. நான் அவருக்குத் தெரியாமல் மாடிக்கு ஓடிப்போய்ச் சீஃப் ஆபீசரிடம் சொன்னால் உயிர் தப்பும். ஆனால் பண்டாரி போட்டுக்கொடுப்பான் என்று பெயர் பரவும், அதற்கப்புறம் எந்தக் கப்பலிலும் எவனும் என்னிடம் உண்மை சொல்ல மாட்டான். அடுத்து ஒருவன் இதே மாதிரி ஒளித்து வைப்பான், அவனை நான் கண்டுபிடிக்கவும் மாட்டேன். யோசிக்க நேரமும் இல்லை. மேலே வாக்கி டாக்கியில் ஏணி ஏணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் போய்க் கதவுக்கு முன்னால் நின்றேன்.

“அண்ணே, நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா? ரெண்டுல ஒண்ணு. சொன்னா ஒங்க முன்னாலதான் சொல்லுவேன், பின்னால போயிச் சொல்ல மாட்டேன். ஆனா ஏணிப் பக்கம் நீங்க இன்னைக்குப் போகப்போறதில்ல.”

“நீ யாருலே அதச் சொல்ல? சோறு பொங்குதவன் சோறு பொங்கு.”

அந்தப் பேச்சு இன்றைக்கும் எனக்கு உறைக்கும். எனக்கும் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “சோறு பொங்குதவன்தான் சொல்லுதேன். இந்தக் கப்பல்ல ஒங்க வயித்துக்குள்ள போறது பூரா என் வேலதான்” என்றேன். அவர் என்னைத் தள்ளினார். நல்ல முரட்டுக் கை. நான் நகரவில்லை. இரண்டாவது முறை தள்ளக் கையைத் தூக்கியவர் அப்படியே என் மேலேயே சரிந்தார். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். அவரைப் படுக்கவைத்து, பால் பவுடர் பெட்டி ஒன்றை இழுத்துக் காலுக்கு அடியில் வைத்துத் தூக்கினேன். உடம்பு சில்லென்று வேர்த்திருந்தது.

சுவரில் இருந்த போனை எடுத்து மேலே சொன்னேன். சரங்குக்கு உடம்பு சரியில்லை, ஏணிக்கு வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். சீஃப் ஆபீசர் ஏன், என்ன ஆயிற்று என்று கேட்டார். வெயில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வரவும் செய்தது. ஆனால் வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, மத்தியானம் மறுபடியும் மாத்திரையை விழுங்கவிட்டால் என்ன ஆகும்? போனைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். அவர் கண் திறந்திருந்தது.

“சொல்லட்டுமாண்ணே?”

கையை நீட்டினார்.

“போன இங்கன குடு.”

படுத்தபடியே, தனக்குத் தெரிந்த கலப்பட இந்தியில், தான் பிரஷர் மாத்திரை போடுவதாகவும் யாரிடமும் சொல்லவில்லை என்றும் அவரே சொன்னார். குரல் நடுங்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க நான் முயலவும் இல்லை.

கப்பலில் மருத்துவப் பொறுப்பு செகண்ட் ஆபீசருக்கு. அவர் கேரளத்துப் பெண், கெட்டிக்காரி. பெட்டியோடு ஓடி வந்து பிரஷர் பார்த்தார். வெகுவாக இறங்கியிருந்தது. மாத்திரை டப்பாவையும் பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு கேள்விகூட அனாவசியமாகக் கேட்கவில்லை. சாட்டிலைட் போனில் கரை டாக்டரைப் பிடித்து மாத்திரையின் பெயரைப் படித்துக் காட்டினார், பழத்தையும் சொன்னார். இரண்டும் சேரக்கூடாத வகைதான் என்று டாக்டர் உறுதி சொன்னார். அன்றைய மாத்திரை வேண்டாம், பழம் அறவே வேண்டாம், படுத்தே இருக்கட்டும், கரை சேர்ந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், பழத்தை நிறுத்தினாலும் அதன் வேகம் உடனே அடங்காது, விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஏணியை வேறு இருவர் போட்டார்கள். பைலட் ஏறி வந்து, கப்பல் ஒழுங்காக உள்ளே போயிற்று. பைலட்டுக்கு இது எதுவும் தெரியாது.

ஒன்றைக் கவனியுங்கள். மாத்திரையை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. பிரஷர் மாத்திரையைப் பண்டாரி பேச்சைக் கேட்டு நிறுத்தினால் அது வேறு ஆபத்து. பழத்தை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டியவர் டாக்டர்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சரங்கு தேறியிருந்தார். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டார். கட்டில் பக்கத்தில் பிலோமி அக்கா உட்கார்ந்திருந்தார்.

“கட்டுன நாள்லேர்ந்து நாந்தான் சோறு போடுதேன்” என்றார். “எனக்கே தெரியாது தம்பி. ஒண்ணும் புரியாம முழிக்கேன். ஒங்ககிட்ட மட்டும் எப்படிச் சொன்னாரு?”

“அவரு எங்க சொன்னாரு? காலுதான் சொல்லிச்சு.”

அக்கா சிரித்துவிட்டார். சரங்கின் முதுகு அசையவில்லை. நான் கொண்டுபோன மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வெளியே வரும்போது எனக்கு வருத்தம்தான். உயிரோடு இருக்கிறார், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு மனிதனின் கடலை நான் பிடுங்கிவிட்டேனோ என்ற நினைப்பு கப்பல் கிளம்பிய பிறகும் போகவில்லை.

டாக்டர் சரங்குக்குப் பழத்தோடு சண்டை போடாத வேறு வகை மாத்திரை எழுதியிருக்கிறார் என்றும், பிரஷர் கட்டுக்குள் வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார் என்றும் பிறகு தெரிந்தது. ஒளிக்காமல் சொல்லி, ஒழுங்காக மாத்திரை போட்டு, அளவு நிலையாக நின்றால் பிரஷர் உள்ளவனும் கப்பலில் போகலாம். மெடிக்கல் டாக்டர் சோதித்து முடிவு செய்வார். இத்தனை வருஷம் கடலில் கிடந்த எங்களுக்கு இது தெரியவில்லை. யாரிடமும் கேட்கப் பயந்துகொண்டு நாங்களே ஒரு பூதத்தை வளர்த்துவைத்திருந்தோம்.

பல மாதம் கழித்து ஒரு நாள் அதே கப்பல் தூத்துக்குடியில் நின்றது. புது ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறுகிறவன் முதலில் பையை அறையில் வைத்துவிட்டு அதிகாரியைப் பார்க்கப் போவதுதான் நடைமுறை. நான் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சீலா மீன் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் பையோடு ஒருவர் வந்து நின்றார். மிக்கேல் சரங்கு. கொஞ்சம் இளைத்திருந்தார். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் டீக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஏலே பண்டாரி” என்று கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, மீன் ஈரம் படாமல் பலகையின் ஓரத்தில் வைத்தார். “இதான் நான் போடுத மாத்திரை. மெடிக்கல்லயும் சொல்லித்தான் வந்திருக்கேன். இனிமே என் தட்டுல எது வைக்கணும், எது வைக்கக்கூடாதுன்னு நீ பாத்துக்க.”

எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். வேண்டுமென்றே சொன்னார். பிறகு வழக்கம்போல அடுப்புப் பக்கம் போய் மூடியைத் திறந்து பார்த்து, “புளி கூடிப்போச்சு” என்றார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அன்றைக்கு அந்தக் குழம்பில் உப்புப் போடவே மறந்துவிட்டேன், அதையும் அவர்தான் சொன்னார்.

அந்தப் பயணத்தில் நடந்ததுதான் விசேஷம். டீக்கு நின்றவர்களில் ஒருவன் மறுநாள் தனியாக வந்து, எனக்குச் சர்க்கரை உண்டு அண்ணாச்சி என்றான். இன்னொருவன் தைராய்டு மாத்திரையைக் காட்டினான். எஞ்சின் அறையிலிருந்து ஒருவன் வந்தான். அவர்கள் சம்மதத்தோடு செகண்ட் ஆபீசரிடம் சொல்லி, வேண்டியதைக் கரை டாக்டரிடம் கேட்டுவாங்கி, யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்று மனதில் பதித்துக்கொண்டேன். அதிகாரிகளுக்கே சொல்லாததை அந்தக் குசினி வாசலில் வந்து சொன்னார்கள். முப்பது வருஷத்தில் என் பிரியாணிக்குக் கிடைத்த பாராட்டையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, இதை இன்னொரு தட்டில் வைத்தால் எனக்கு இதுதான் பெரிது.

ஆகவே கத்தியைத் தீட்டிக்கொண்டு போங்கள், ஆனால் தட்டை வைப்பதற்கு முன் ஆளின் முகத்தைப் பாருங்கள், முடிந்தால் காலையும் பாருங்கள். கேட்பதைத் தனியாகக் கேளுங்கள். ஒருவனைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தால் அவன் முன்னால் வைத்துச் சொல்லுங்கள். அவனுக்குக் கோபம் வந்தால் வரட்டும், கதவை விட்டு மட்டும் நகராதீர்கள்.

சரங்கும் இப்போது கடலை விட்டுவிட்டு வீட்டில்தான் இருக்கிறார். போன மாதம் குற்றாலம் போய்விட்டு வந்தவர், ஸ்கூட்டரில் என் வீட்டுக்கு வந்தார். கையில் துணிப்பை. உள்ளே உருண்டையாகப் பெரிய பம்பளிமாஸ் ஒன்று தெரிந்தது. நான் கையை நீட்டினேன். அவர் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“மொதல்ல நீ என்ன மாத்திரை போடுதன்னு சொல்லு.”

சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் தயக்கமாகத்தான் இருந்தது. கொழுப்புக்கு ஒரு மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன், சரங்கிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். உள்ளே எட்டிப் பார்த்து என் மனைவியிடமும் கேட்டார். அவளும் சொன்னாள்.

“அப்போ இது ஒங்களுக்கு ஆகாது” என்றார். “டாக்டர்ட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க, வேற வாங்கித் தாரேன். இத நான் திங்கலாம். கேட்டாச்சு.”

டீயைக் குடித்துவிட்டு, பையை ஸ்கூட்டரில் பத்திரமாக மாட்டிக்கொண்டு, பழத்தோடு திரேஸ்புரத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.